சான் ஆன்டோனியோ வரலாறு ப்ராஜெக்ட்டுக்கு லைப்ரரில எங்க ஆரம்பிக்கறது?

கேள்வி இது தான்: அமெரிக்கால டெக்சாஸ்ல இருக்கற சான் ஆன்டோனியோவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, பொண்ணு ஏழாவது படிக்கறா, ஹிஸ்பானிக் ஹெரிடேஜ் மாசத்துக்கு, அதாவது ஸ்பானிஷ் பேசற நாட்டு வம்சத்தவங்க பாரம்பரிய மாசத்துக்கு, ஊர் வரலாறையும் சேத்து ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும், நெட்ல தேடினா அலமோ, டாக்கோ, கலர் பாவாடை டான்ஸ் இதே தான் திரும்ப திரும்ப வருது, பப்ளிக் லைப்ரரிக்கு போனா உருப்படியா ஏதாவது கிடைக்குமா, போய் என்னன்னு கேக்கறது?

கிடைக்கும். நான் இந்த ஊர்ல பதினாறு வருஷமா இருக்கேன், அதுல பத்து வருஷமாவது சனிக்கிழமை காலைல சென்ட்ரல் லைப்ரரில பழைய பேப்பர் பாத்துட்டு உக்காந்திருக்கேன், அதனால தெரிஞ்சத எல்லாம் எழுதிடறேன். நீளமா போகும், டீ போட்டு வச்சுட்டு படிங்க.

முதல்ல ஒரு விஷயம். ஊர் வரலாறுக்கு ஒரு சார்ட், ஹிஸ்பானிக் பாரம்பரியத்துக்கு ஒரு சார்ட்னு ரெண்டு வாங்கிடாதீங்க. இந்த ஊர்ல ரெண்டும் ஒரே கதை தான். இங்க பயாயாங்கற பூர்வகுடி மக்கள் இருந்தாங்க, அவங்க இந்த ஆத்தங்கரைக்கு வச்ச பேரு யானாகுவானா. 1691 ஜூன் 13, பதுவை அந்தோணியார் திருநாள் அன்னிக்கு ஒரு ஸ்பானிஷ் கூட்டம் இங்க வந்து சேந்துது, அதனால அவர் பேரான சான் ஆன்டோனியோவே நிலைச்சுடுச்சு. 1718ல மிஷனும், அதாவது பாதிரியார்கள் அமைச்ச சர்ச் குடியிருப்பும், ராணுவ முகாமும் வந்துது, அந்த மிஷன் தான் இன்னிக்கு எல்லாரும் போட்டோ எடுக்கற அலமோ. அப்பறம் 1731 மார்ச் 9, கேனரி தீவுகள்ல இருந்து சுமார் 55 பேர், குடும்பம் குடும்பமா, மெக்சிகோ வழியா நடந்தும் குதிரைலயும் வந்து இறங்கினாங்க. அவங்க வில்யா தே சான் பெர்னாண்டோனு ஊர் அமைச்சு அதே வருஷம் ஆகஸ்ட்ல ஒரு கபில்தோ, அதாவது ஊர் மன்றம், வச்சாங்க. டெக்சாஸ்ல முறைப்படி அமைஞ்ச முதல் சிவில் நிர்வாகம் அது தான். அப்போ இந்த ஊரோட நகராட்சி வரலாறு முதல் பக்கமே ஸ்பானிஷ்ல எழுதினது, அத தனியா பிரிச்சு ஒரு மாசம் மட்டும் கொண்டாடற விஷயமா பாத்தா பாதி கதை கையவிட்டு போயிடும்.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, லைப்ரரில போய் "ஹிஸ்பானிக் ஹெரிடேஜ் பத்தி ஏதாவது இருக்கா"னு கேட்டா அவங்க பாவம் ஒரு அலமாரிய காட்டுவாங்க, அதுல ஐந்நூறு புத்தகம் இருக்கும், பொண்ணு மலைச்சு போய் நிப்பா. அதுக்கு பதிலா "குவாடலூப் ஸ்ட்ரீட்ல 1920கள்ல யார் இருந்தாங்க, அந்த பக்கம் வெள்ளம் வந்தப்போ என்ன ஆச்சு"னு கேட்டு பாருங்க, அந்த லைப்ரரியன் நாற்காலிய விட்டு எழுந்து உங்க கூட வருவாங்க. ஒரு தெரு, ஒரு வருஷம், ஒரு விஷயம். இந்த மூணும் கைல இருந்தா போதும், மிச்சத்த அந்த கட்டடமே குடுக்கும்.

எந்த கட்டடம்னா, டவுன்டவுன்ல சோலெடாட் ஸ்ட்ரீட்ல செக்கச்செவேல்னு ஒன்னு நிக்குமே, அது தான் சென்ட்ரல் லைப்ரரி. 1995ல திறந்தது, மெக்சிகோ நாட்டு ஆர்க்கிடெக்ட் ரிகார்டோ லெகோரெட்டா வடிவமைச்சது, ஊர்ல அந்த கலர என்சிலாடா சிவப்புனு சொல்வாங்க. அதுக்குள்ள உங்களுக்கு வேண்டியது ரெண்டு இடம். ஒன்னு லட்டீனோ கலெக்ஷன் அண்ட் ரிசோர்ஸ் சென்டர், 2017ல இருந்து இருக்கு, மெக்சிகன் அமெரிக்கன் வரலாறு, இலக்கியம், கலை எல்லாம் ஒரே இடத்துல. இன்னொன்னு டெக்ஸானா, அது தான் என் இடம். பழைய சிட்டி டைரக்டரி, மேப், மைக்ரோபிலிம் (பழைய பேப்பர சின்னதா படம் புடிச்ச பிலிம் சுருள்), வம்சாவளி தேடறதுக்கான பதிவுகள், பேப்பர் கட்டிங் போட்ட பைல்கள் எல்லாம் அங்க. டெக்ஸானா நேரம் மத்த பகுதி நேரத்தோட ஒத்து போகாது, போறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுட்டு போங்க, சின்ன குழந்தைய கூட்டிட்டு போய் பூட்டின கதவ பாத்துட்டு வர வேணாம். பெக்ஸார் கவுன்ட்டில குடியிருந்தா கார்டு இலவசம். பெக்ஸார்னு எழுதறோம், ஆனா ஊர்ல "பேர்"னு தான் சொல்வாங்க, ஸ்பானிஷ்ல "பேஹார்". பழைய பதிவுல தேடறப்போ இந்த மூணையும் மனசுல வச்சுக்கோங்க.

சரி, முதல் நாள் என்ன எடுக்கணும்? சிட்டி டைரக்டரி. போன் டைரக்டரி வர்றதுக்கு முன்னாடியே வருஷா வருஷம் தனியார் கம்பெனிங்க வீடு வீடா போய் விசாரிச்சு போட்ட புத்தகம் இது. தலகாணி கனம் இருக்கும், பக்கம் மஞ்சளா ஓரம் நொறுங்கற மாதிரி, அதனால ரெண்டு கையால புரட்ட சொல்லுங்க. முன்பாதில ஆள் பேரு அகர வரிசைல, பக்கத்துல என்ன வேலை, எந்த வீடு. பின்பாதில தெரு வாரியா, வீட்டு நம்பர் வரிசையா யார் யார் இருந்தாங்கன்னு. இந்த பின்பாதி தான் பொக்கிஷம். ஒரு தெருவ எடுத்து ஒரு முனைல இருந்து மறுமுனை வரைக்கும் விரல் வச்சு படிச்சுட்டே வந்தா, மளிகை கடை, தையல்காரர், பார்பர், சர்ச், அடுத்து அடுத்து கூலி வேலைனு அந்த தெருவே கண்ணு முன்னாடி நடக்கும். அஞ்சு அஞ்சு வருஷ இடைவெளில அதே தெருவ எடுத்து பாருங்க, யார் போனாங்க யார் வந்தாங்கன்னு புரியும். ஆனா இதுல விட்டு போனவங்க நிறைய. வாடகைக்கு இருக்கறவங்க, வேலை தேடி ஊர் ஊரா போறவங்க, சந்துக்குள்ள இருக்கறவங்க பேரு பல தடவ வராது. கறுப்பின மக்கள் பேருக்கு பக்கத்துல "சி"னு, கலர்ட்ங்கற வார்த்தையோட முதல் எழுத்த போட்டு தனியா குறிச்சிருப்பாங்க. அது என்னனு பொண்ணு கட்டாயம் கேப்பா. நேரா சொல்லுங்க, மழுப்பாதீங்க.

அப்பறம் அதே தெருவ சான்போர்ன் மேப்ல பாருங்க. தீ விபத்து இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்காக போட்ட மேப் இது, ஒவ்வொரு கட்டடமும் அளவோட இருக்கும். கலர் தான் விஷயமே: ரோஸ் கலர்னா செங்கல், மஞ்சள்னா மரம், நீலம்னா கல். மெயின் பிளாசா பக்கம் ரோஸும் நீலமும், சான் பெட்ரோ க்ரீக் தாண்டி மேற்க போக போக மஞ்சளா மாறிட்டே வரும், அத பாத்தாலே பணம் எந்த பக்கம் இருந்துதுன்னு எட்டு வயசு குழந்தைக்கும் விளங்கிடும். ஒரு எச்சரிக்கை, லைப்ரரி டேட்டாபேஸ்ல வர்ற சான்போர்ன் ஸ்கேன் பலது கறுப்பு வெள்ளை தான், மைக்ரோபிலிம்ல இருந்து எடுத்தது. கலர்ல வேணும்னா ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யூனிவர்சிட்டி மேப் கலெக்ஷன் வெப்சைட்ல இலவசமா இருக்கு, இல்லனா டெக்ஸானால மூலப்பிரதி இருக்கானு கேளுங்க.

இங்க நான் பட்ட கஷ்டத்த ஒன்ன சொல்லிடறேன். ஒரு குடும்பத்தோட வீட்ட தேடிட்டு இருந்தேன், ரெண்டு சனிக்கிழமை முழுசா ஒரு வீட்ட பத்தி எல்லாம் எழுதி வச்சுட்டேன், கடைசில பாத்தா அந்த தெருவுக்கு நடுவுல ஒரு தடவ நம்பர் மாத்தி போட்டிருக்காங்க, நான் எழுதினது வேற யாரோ வீடு. மறுபடியும் முதல்ல இருந்து. தெரு பேரும் மாறும், 2011ல தான் டுராங்கோ ஸ்ட்ரீட் பேர சீசர் சாவேஸ் புலவார்டுனு மாத்தினாங்க, இப்போ கூகுள் மேப்ல டுராங்கோனு தேடினா பழைய டைரக்டரில வர்ற தெரு பிடிபடாது. அதனால முகவரிய நம்பாதீங்க, குறுக்கு தெருவ நம்புங்க. எந்த ரெண்டு தெருவுக்கு நடுவுல அந்த வீடு இருக்குனு குறிச்சுக்கோங்க, நம்பர் மாறினாலும் மூலை மாறாது.

மூணாவது சென்சஸ். லைப்ரரிக்குள்ள உக்காந்தா ஆன்செஸ்ட்ரி லைப்ரரி எடிஷன் இலவசமா பாக்கலாம், வீட்ல இருந்து பாத்தா காசு. பேமிலிசர்ச்சும் இலவசம் தான், ஆனா அதுல சில படங்கள் குறிப்பிட்ட லைப்ரரில இருந்து பாத்தா மட்டும் தான் திறக்கும். சென்சஸ் தாள் 72 வருஷம் கழிச்சு தான் வெளிய விடுவாங்க, 1950 தாள் 2022ல வந்துது. உங்க பொண்ணு கிட்ட 1930 தாளையும் 1940 தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுங்க. 1930ல இனம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல மெக்சிகன்னு தனியா ஒரு குறி போட்டாங்க, அந்த ஒரே ஒரு சென்சஸ்ல தான். மெக்சிகோல பிறந்தவங்க, அப்பா அம்மா அங்க பிறந்தவங்க பல பேர அந்த குறிக்குள்ள தள்ளிட்டாங்க. மெக்சிகோ அரசாங்கமும் இங்க இருந்த லூலாக் மாதிரி மெக்சிகன் அமெரிக்கன் உரிமை அமைப்புகளும் எதிர்ப்பு தெரிவிச்சாங்க, 1940ல அதே ஆளு, அதே வீடு, ஆனா அந்த கட்டத்துல வெள்ளையர்னு இருக்கும். ஆள் மாறல, பேனா புடிச்சவனுக்கு வந்த உத்தரவு தான் மாறிச்சு. அந்த ரெண்டு தாளையும் நான் முதல் தடவ ஒன்னா பாத்தப்போ கொஞ்ச நேரம் எதுவும் பண்ண தோணல. 1980ல தான் ஹிஸ்பானிக்கானு நாடு முழுக்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி 1970ல ஒரு பகுதி மக்கள்கிட்ட மட்டும் கேட்டு பாத்தாங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். பேப்பர். டெக்ஸானால மைக்ரோபிலிம் சுருள் டப்பா டப்பாவா இருக்கும், மேல பேப்பர் பேரும் மாசமும் ஒட்டியிருக்கும். மெஷின்ல சுருள மாட்டி, கண்ணாடி தட்டுக்கு நடுவுல பிலிம விட்டு, மறுபக்க உருளைல சொருகி திருப்பணும், முதல் தடவ தலைகீழா வரும், பயப்பட வேணாம், லைப்ரரியன் வந்து மாத்தி குடுப்பாங்க. பிடிச்ச பக்கத்த பென் டிரைவ்ல ஏத்திக்கலாம். எக்ஸ்பிரஸ், லைட்னு ரெண்டு இங்கிலீஷ் பேப்பர் இருந்துது, லைட் 1993ல மூடிட்டாங்க. ஸ்பானிஷ்ல லா ப்ரென்சா. மெக்சிகோ புரட்சி சமயத்துல 1913ல இக்னாசியோ லோசானோ இங்க ஆரம்பிச்சது, பிற்பாடு அவர் தான் 1926ல லாஸ் ஏஞ்சலஸ்ல லா ஓப்பினியோன் ஆரம்பிச்சார். நாடு விட்டு வந்தவங்க ஊர் சேதி தெரிஞ்சுக்க படிச்ச பேப்பர், இந்த ஊர்ல மட்டும் இல்ல, தென் டெக்சாஸ் முழுக்க போச்சு. ஸ்பானிஷ் தெரியாதேனு தயங்காதீங்க, ஒரு பக்கத்த போட்டோ எடுத்து போன்ல மொழிபெயர்த்தா எண்பது சதவீதம் புரியும், மிச்சத்துக்கு பொண்ணோட ஸ்பானிஷ் டீச்சர் இருக்காங்க. ஒரே நாள் சம்பவத்த இங்கிலீஷ் பேப்பர்லயும் ஸ்பானிஷ் பேப்பர்லயும் படிக்க வைங்க. இது ஒன்ன பண்ணாலே ப்ராஜெக்ட்ல முக்கால்வாசி முடிஞ்சுது.

எந்த சம்பவம்? நானா இருந்தா தண்ணிய எடுப்பேன். காரணத்த சொல்றேன்.

இந்த ஊரே வாய்க்கால்ல பிறந்த ஊர். மிஷன் காலத்துல ஆத்துல அணை கட்டி அசேக்கியானு வாய்க்கால் வெட்டி வயலுக்கு தண்ணி விட்டாங்க, யாருக்கு எத்தன நாள் தண்ணினு முறை வச்சிருந்தாங்க, அந்த முறைக்கு டூலானு பேரு. எஸ்படா மிஷன் பக்கம் போனா 1740கள்ல கட்டின கல் பாலம் மேல இன்னிக்கும் வாய்க்கால் தண்ணி ஓடுது, ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு போய் காட்டுங்க, 2015ல இருந்து அஞ்சு மிஷனும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

இப்போ 1921 செப்டம்பருக்கு வாங்க. 9ஆம் தேதி ராத்திரி பேய் மழை, விடியறதுக்குள்ள ஆறும் மேற்கு பக்க ஓடைகளும் பொங்கி 50 பேருக்கு மேல செத்து போனாங்க. டவுன்டவுன்ல கடைக்குள்ள தண்ணி நின்ன போட்டோ தான் எல்லா இடத்துலயும் வரும். ஆனா உயிர் போனது பெரும்பாலும் அங்க இல்ல, சான் பெட்ரோ, அலசான் ஓடை ஓரம் மரக்குடிசைல இருந்த மெக்சிகன் குடும்பங்கள்ல தான். செப்டம்பர் 10, 11, 12 சுருள எடுத்து ரெண்டு மொழி பேப்பர்லயும் இறந்தவங்க பட்டியல பாருங்க. ஒரே ஆள் பேரு ரெண்டு பேப்பர்ல ரெண்டு மாதிரி இருக்கும், ஒன்னுல வயசு இருக்கும் இன்னொன்னுல இருக்காது. நான் அந்த பேருகள ஒரு நோட்டுல எழுதி 1920 சென்சஸ்ல தேடினேன், சிலர் கிடைச்சாங்க, வீட்டுக்காரர் கூலி, மனைவி, அஞ்சு குழந்தை, கடைசி குழந்தை கைக்குழந்தை. சென்சஸ் தாள்ல இருந்த அந்த வரி பட்டியல்லயும் இருந்துது. அன்னிக்கு மெஷின அணைச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வெள்ளத்துக்கு அப்பறம் நகரம் என்ன பண்ணிச்சு? 1926ல ஓல்மோஸ் அணைய கட்டி முடிச்சாங்க. அது ஆத்த தடுக்கும், டவுன்டவுன காப்பாத்தும். அந்த தைரியத்துல தான் ஆத்த மூடாம அழகு பண்ணாங்க, 1929ல ராபர்ட் ஹக்மேன் போட்ட பிளான், 1939லிருந்து 1941க்குள்ள வேலை நடந்தது, இன்னிக்கு டூரிஸ்ட் எல்லாம் படகுல போற ரிவர் வாக். மேற்கு பக்க ஓடைகளுக்கு அந்த அளவு வேலை நடக்கல. மழை பேஞ்சா தெருவுல முழங்கால் தண்ணி, பள்ளிக்கூடம் போற குழந்தைங்க சேத்துல. இப்படியே ஐம்பது வருஷம்.

ஏன்? இங்க தான் சிவிக் வரலாறு வருது. அப்போ கவுன்சில் உறுப்பினர் எல்லாரையும் முழு ஊரும் சேந்து ஓட்டு போட்டு எடுத்தாங்க, வார்டு கிடையாது, அதனால காசும் செல்வாக்கும் இருக்கற வடக்கு பக்கம் ஆளுங்களே வந்தாங்க. கூடவே 1902ல இருந்து டெக்சாஸ்ல ஓட்டு போட தலைவரி கட்டணும், மாநில தேர்தல்ல அது 1966ல தான் போச்சு. தினக்கூலிக்காரன் எங்க கட்டுவான். 1974ல எர்னஸ்டோ கோர்டேஸ்னு இந்த ஊர்க்காரரே ஒருத்தர் கத்தோலிக்க சர்ச்சுகள் வழியா மக்கள திரட்டி காப்ஸ்னு ஒரு அமைப்ப உருவாக்கினார், முதல் தலைவர் ஆண்ட்ரெஸ் சராபியா. அந்த வருஷம் மறுபடியும் வெள்ளம். அவங்க முதல்ல பண்ணின வேலை என்ன தெரியுமா, நகராட்சி பழைய பைல படிச்சாங்க. படிச்சா, அவங்க கேக்கற மேபெரி வடிகால் திட்டம் 1945லயே நகராட்சி திட்டத்துல ஏறியிருக்கு, பேப்பர்ல அப்படியே தூங்கிட்டு இருக்கு. அத கைல எடுத்துட்டு கூட்டமா கவுன்சிலுக்கு போனாங்க, இல்லத்தரசிங்க, தொழிலாளிங்க, சர்ச்ல பெஞ்சு துடைக்கறவங்க. அந்த நவம்பர்லயே 4 கோடியே 68 லட்சம் டாலர் வடிகால் பாண்டு, அதாவது அந்த வேலைக்கு நகராட்சி கடன் வாங்கறது, ஓட்டுக்கு வந்து ஜெயிச்சுது. 1977ல வார்டு முறை வந்துது, அந்த தடவ கவுன்சில்ல மெக்சிகன் அமெரிக்கன் அஞ்சு பேரும் கறுப்பினத்தவர் ஒருத்தரும் உக்காந்தாங்க, 1981ல ஹென்றி சிஸ்னெரோஸ் மேயர் ஆனார், வயசு 33. அவருக்கு முன்னாடி இந்த ஊருக்கு மெக்சிகன் வம்ச மேயர் யாருன்னா ஹுவான் சேகின், அவர் பதவி விட்டு போனது 1842ல. நடுவுல 139 வருஷம்.

இத பொண்ணு புரிஞ்சுக்கிட்டா அவளுக்கு இன்னொன்னும் புரியும். லைப்ரரில அவ புரட்டற அதே மாதிரி பைல தான் அவங்களும் புரட்டினாங்க, அந்த பேப்பர் தான் அவங்க தெருவுக்கு மழைத்தண்ணி வடிகால கொண்டு வந்துது. பாரம்பரியம்ங்கற வார்த்தைக்கு நான் இத விட நல்ல உதாரணம் பாத்ததில்ல.

தண்ணி பிடிக்கலனா வேற ரெண்டு இழை சொல்றேன். ஒன்னு 1938 பீக்கன் தொழிலாளர் ஸ்ட்ரைக். பீக்கன்னா வால்நட் மாதிரி ஒரு கொட்டை, மேற்கு பக்கம் ஷெட்டு ஷெட்டா பொம்பளைங்க நெருக்கி உக்காந்து கையால உடைச்சு பருப்பு எடுப்பாங்க, மெஷின விட கைக்கூலி மலிவுனு முதலாளி மெஷினயே ஓரங்கட்டி வச்சிருந்தார். வாரத்துக்கு ரெண்டு மூணு டாலர் தான் தேறும். காத்தோட்டம் கிடையாது, அந்த தூசிய சுவாசிச்சு சுவாசிச்சு இருமல். அந்த காலத்துல இந்த ஊர்ல காசநோய் சாவு லட்சத்துக்கு 148, நாட்டு சராசரி 54. அந்த கூலியிலயும் பவுண்டுக்கு ஒரு சென்ட் குறைச்சப்போ ஜனவரி 31 அன்னிக்கு ஏறக்குறைய 12,000 பேர் வெளிய வந்தாங்க, முன்ன நின்னது எம்மா டெனயூக்கா, வயசு 21. மார்ச்ல மத்தியஸ்தத்துக்கு போச்சு, கூலி கொஞ்சம் ஏறிச்சு, ஆனா அந்த அக்டோபர்ல மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்ச கூலி சட்டம் அமலுக்கு வந்ததும் முதலாளிங்க மறுபடி மெஷின கொண்டு வந்துட்டாங்க, ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலையே போச்சு. வெற்றிக்கதையா மட்டும் எழுத விடாதீங்க, கடைசி பாதியும் வரணும். லைட் பேப்பர் எடுத்த போட்டோக்கள் யூடிஎஸ்ஏ (சான் ஆன்டோனியோல இருக்கற டெக்சாஸ் யூனிவர்சிட்டி) கலெக்ஷன்ல ஆன்லைன்லயே இருக்கு, அந்த பெஞ்சு, அந்த கைகள், குவிச்சு வச்ச ஓடு எல்லாம் தெரியும்.

இன்னொன்னு பள்ளிக்கூடம். 1968 மே மாசம் எட்ஜ்வுட் ஹைஸ்கூல் பசங்க உடைஞ்ச ஜன்னலுக்கும் தகுதியான டீச்சர் இல்லாததுக்கும் எதிரா வெளிநடப்பு பண்ணாங்க, அங்க இருந்த பெற்றோர்கள்ல டெமெட்ரியோ ரோட்ரிகேஸ்னு ஒருத்தர் முன்ன நின்னு, பள்ளிக்கூடங்களுக்கு பணம் சமமா வரலனு போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1973ல 5க்கு 4னு தோத்துது. பொண்ணுக்கு தன் வயசு பசங்க கதைங்கறதால இது ஒட்டும்.

டெக்சாஸ் மெக்சிகோவ விட்டு பிரிஞ்ச 1836க்கு முன்னாடி போகணும்னா பேஹார் ஆவணங்கள். 1717ல இருந்து 1836 வரைக்கும் இந்த ஊர்ல ஸ்பானிஷ், மெக்சிகோ அரசாங்கம் எழுதின கடிதம், வழக்கு, கணக்கு எல்லாம் ரெண்டரை லட்சம் பக்கம், 1899ல ஆஸ்டின் யூனிவர்சிட்டிக்கு போயிடுச்சு. கையெழுத்து ஸ்பானிஷ் நம்மளால படிக்க முடியாது, ஆனா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு நிறைய பகுதிக்கு இருக்கு. நிலப்பத்திரம், உயில் மாதிரியானது கவுன்ட்டி கிளார்க் ஆபீஸ்ல இங்கயே இருக்கு. அலமோ பத்தி எழுதியே ஆகணும்னா ஹோசே அன்டோனியோ நவாரோவ எடுங்க. டெக்சாஸ் சுதந்திர பிரகடனத்துல கையெழுத்து போட்டவங்கள்ல டெக்சாஸ்லயே பிறந்தது ரெண்டே பேர், அவரும் அவர் தாய்மாமா ஹோசே பிரான்சிஸ்கோ ரூயிசும், ரெண்டு பேரும் இந்த ஊர்க்காரங்க. அவர் வீடு டவுன்டவுன்ல இன்னும் நிக்குது, லைப்ரரில இருந்து நடந்தே போயிடலாம்.

தேடறதுல ஒரு நுணுக்கம். ஸ்பானிஷ் வழக்கத்துல ஒருத்தருக்கு ரெண்டு குடும்பப் பேரு, முதல்ல அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. இங்கிலீஷ் எழுதின கிளார்க் கடைசி வார்த்தைய குடும்பப் பேருனு எடுத்துக்கிட்டதால பல பேர் அம்மா பேர்ல தொலைஞ்சு கிடப்பாங்க, அதனால ரெண்டையும் போட்டு தேடுங்க. ஸ்கேன் பண்ணின பேப்பர்ல ஸ்பானிஷ் எழுத்து மேல வர்ற அலைக்கோடும் சாய்கோடும் கம்ப்யூட்டருக்கு பிடிபடாது, பேர் கிடைக்கலனா தெரு பேர போட்டு பாருங்க, சர்ச் பேர போட்டு பாருங்க. வீட்ல இருந்து தேட போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி, ஹேண்ட்புக் ஆஃப் டெக்சாஸ், லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட க்ரானிக்லிங் அமெரிக்கா மூணும் இலவசம்.

ஒரு வேண்டுகோளும் இருக்கு. பேப்பர் வேலை முடிஞ்சதும் அந்த தெருவுக்கு ஒரு தடவ நேர்ல போங்க. பேக்கரி வாசல்ல, சர்ச் முடிஞ்சு வெளிய நிக்கற பெரியவங்க கிட்ட பொண்ண பேச விடுங்க, "1974 வெள்ளம் ஞாபகம் இருக்கா"னு கேட்டா போதும். ஆனா மேப்பும் பேப்பர் காப்பியும் கைல எடுத்துட்டு போகணும், வெறுங்கையோட போய் கதை கேக்கறது வேற, "உங்க தெரு 1920ல இப்படி இருந்துது பாருங்க"னு குடுத்துட்டு கேக்கறது வேற. நான் அப்படி ஒரு சான்போர்ன் பிரிண்ட நீட்டினப்போ ஒரு பாட்டி கண்ணாடிய போட்டுக்கிட்டு விரலால தடவி தடவி பாத்துட்டு, இங்க தான் எங்க பாட்டி கோழி வளத்தாங்கன்னு ஒரு மஞ்சள் கட்டத்த காட்டினாங்க. அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் அவங்க தான் பேசினாங்க. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அனுமதி கேட்டுக்கோங்க, முடிஞ்சதும் ஒரு காப்பி அவங்களுக்கும் குடுங்க.

டைம் கம்மினா இந்த சனிக்கிழமைக்கு இது போதும்: டெக்ஸானால 1921 டைரக்டரி தெரு பகுதி, அதுக்கு கிட்டத்து வருஷ சான்போர்ன், 1921 செப்டம்பர் எக்ஸ்பிரஸ் சுருள், லா ப்ரென்சா சுருள். நாலையும் ஒரு துண்டு சீட்டுல எழுதி பொண்ணு கைல குடுங்க, கவுன்டர்ல அவளே கேக்கட்டும். பென்சில் கொண்டு போங்க, பழைய புத்தகம் பக்கத்துல பேனா எடுக்க விடமாட்டாங்க.